ஈரலில் சேரும் கொழுப்பும் இருதயத்துக்கு வரும் ஆபத்தும்

வியாபாரம் செய்கிற நம்மவர்கள் வருஷக் கடைசியில் சரக்கு இருப்பை எண்ணி, பேரேட்டைப் புரட்டி, ஐந்தொகை எடுத்துவிடுகிறோம். எது விற்றது, எது முடங்கிக் கிடக்கிறது, யாரிடம் பாக்கி நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துபோகும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தங்கள் தேகத்துக்கும் இப்படி ஒரு கணக்கெடுப்புச் செய்துகொள்ளும் நல்ல வழக்கம் இப்போது நம்மிடையே பரவி வருகிறது. இரத்தம் கொடுக்கிறோம்; வயிற்றை ஸ்கேன் எடுக்கிறோம்; சில நாளில் காகிதம் வருகிறது. அந்தக் காகிதத்தில் பலருக்கும் காணப்படுகிற வரி ஒன்று உண்டு: ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது.

இதைப் படித்ததும் நாம் செய்வது என்ன? "மதுவை நாம் கையாலும் தொட்டதில்லை. ஈரல் வியாதி குடிகாரனுக்கு வருவது. மெஷின் எதையோ தப்பாகக் காட்டியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு காகிதத்தை மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுவிடுகிறோம். வயிற்றில் வலி இல்லை. கண்ணில் மஞ்சள் இல்லை. பசியும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு கவலைக்கு என்ன இடம் என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் வைத்திய நிபுணர்கள் இந்த ஒரு வரியைப் படிக்கும் விதம் வேறு. ஈரலில் கொழுப்பு சேர்ந்தவர்களைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்து வந்த ஆராய்ச்சிகளில், அவர்களில் மிகுதியானவர்கள் உயிரிழந்தது இருதய நோயினாலும் இரத்தக் குழாய் நோயினாலும் என்று தெரிந்தது. ஈரல் பழுதுபட்டு இறந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஈரலின் பெயரில் வந்திருக்கிற அந்தக் காகிதத்தை இருதயத்துக்கு வந்த நோட்டீஸ் என்றும் கொள்ள வேண்டும். இந்த இரண்டு உறுப்புகளுக்கும் என்ன சம்பந்தம் என்பதையும், கல்லாப்பெட்டியில் கிடக்கும் காகிதத்தை எடுத்துக்கொண்டு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்கே கவனிப்போம்.

ஈரல் என்பது வலது பக்க விலா எலும்புகளுக்கு உட்புறமாக, வயது வந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கும் உறுப்பு. கப்பலில் வந்திறங்கிய சரக்கு நேரே கடைக்குப் போவதில்லை அல்லவா? சுங்கத்தைக் கடந்து, கிட்டங்கிக்குப் போய், அங்கிருந்துதான் பல கடைகளுக்கும் பிரிகிறது. குடலில் ஜீரணமான உணவின் கதையும் அதுவே. எண்ணெயும் நெய்யும் பெரும்பாலும் வேறு பாதையில் சுற்றி வருகின்றன. மற்றச் சத்துக்களைச் சுமந்த இரத்தம் ஒரு தனிக்குழாய் வழியாக முதலில் ஈரலுக்கே வந்து சேருகிறது. சர்க்கரையை இருப்பு வைப்பது, நாம் தூங்கும் நேரத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது, நஞ்சை முறிப்பது, பித்தநீர் சுரப்பது, இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களைச் செய்வது, இவையெல்லாம் அதன் வேலைகள். அத்துடன் கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்து வெளியே அனுப்புவதும், இரத்தத்தில் மிஞ்சி ஓடுகிற கொலஸ்ட்ராலைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் அதன் பொறுப்பே. கடைசியில் சொன்ன இரண்டு வேலைகளையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். விஷயத்தின் பாதி அதில் அடங்கியிருக்கிறது.

ஈரலில் உள்ள அணுக்களில் நூற்றுக்கு 5க்கு மேல் கொழுப்புத் துளிகள் தங்கிவிட்டால், அதைக் கொழுப்பு ஈரல் என்கிறார்கள். இன்று உலகத்தில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேருக்கு இது உண்டு என்பது நிபுணர்களின் மதிப்பு. கிட்டங்கியில் நடைபாதையிலும் மூட்டைகளை அடுக்கிவிட்டால் வேலையாட்கள் எப்படிப் போக, வர முடியும்? அந்த நிலைமைதான்.

குடிக்காதவருக்கு ஈரல் கெடுமா என்ற கேள்வி நமக்கு மட்டும் தோன்றியதன்று. ஒரு காலத்தில் வைத்தியர்களுக்கே இதில் தெளிவு இருக்கவில்லை. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் வைத்தியசாலையைச் சேர்ந்த ஜூர்கன் லுட்விக் என்பவரும் அவருடைய சகாக்களும் 20 நோயாளிகளின் ஈரல் துணுக்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் குடிகாரரின் ஈரலில் காண்கிற அதே சேதம். ஆனால் அவர்கள் குடிகாரர்கள் அல்லர். பெரும்பாலோர் பருத்த உடலினர். பலருக்கு நீரிழிவும் இருந்தது. அதுவரை பெயரில்லாமல் இருந்த வியாதி என்றே அந்தக் கட்டுரையின் தலைப்பில் குறிப்பிட்டார்கள். 'மது சாராத' ஈரல் நோய் என்று அதற்குப் பிறகு வழங்கி வந்த பெயரை 2023ல் சர்வதேச வைத்தியச் சங்கங்கள் கூடி மாற்றிவிட்டன.

பெயர் மாறினால் என்ன என்று நினைக்கலாம். இந்தப் பெயர் மாற்றத்தில் பொருள் இருக்கிறது. ஈரலில் கொழுப்பு இருந்து, அதனுடன் ஐந்து குறைகளில் ஒன்றாவது இருந்தால், புதிய பெயரால் அந்த வியாதி குறிக்கப்படும். இடுப்புச் சுற்றளவு அல்லது எடை மிகுதி, இரத்தத்தில் சர்க்கரை மிகுதி, இரத்த அழுத்தம், டிரைகிளிசரைட் என்ற கொழுப்பு மிகுதி, நல்ல கொலஸ்ட்ரால் குறைவு என்பவையே அந்த ஐந்து. இருதய வைத்தியரிடம் போனால் அவர் முதலில் விசாரிப்பதும் இந்த ஐந்தைத்தானே! ஈரல் வைத்தியரும் இருதய வைத்தியரும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொழுப்பு ஈரலுக்கு எங்கிருந்து வருகிறது? ஆட்டிறைச்சியும் நெய்ச்சோறும்தான் காரணம் என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நெய், பாமாயில், தேங்காய்ப்பால் ஆகியவற்றில் உள்ள கெட்டியாகும் கொழுப்பு மிகுந்தால் ஈரலுக்கும் கெடுதல், இரத்தக் குழாய்க்கும் கெடுதல். ஆனால் 2005ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி வேறொரு பக்கத்தையும் காட்டியது. கொழுப்பு ஈரல் உள்ள 9 பேரிடம் நடத்திய சிறிய ஆராய்ச்சிதான் அது. எனினும் மிக நுட்பமானது. ஈரலில் இருந்த கொழுப்பில் நூற்றுக்கு 15 பங்குதான் உண்ட உணவின் கொழுப்பிலிருந்து நேரே வந்தது. 59 பங்கு, உடம்பில் ஏற்கனவே சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்து இரத்தத்தின் வழியாக வந்தது. மீதி 26 பங்கை ஈரல் தானே தயாரித்துக்கொண்டது. எதைக் கொண்டு? பெரும்பாலும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கொண்டு.

நாம் தேநீரில் போடுகிற சர்க்கரையில் சரிபாதி பழச்சர்க்கரை என்ற வகையாகும். அதை உடைத்துப் பயன்படுத்தும் வேலை பெரும்பாலும் ஈரலின் தலையிலேயே விழுகிறது. அளவுக்கு மிஞ்சி வந்தால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றிவிடும். இப்போது நம் கடை வாழ்க்கையைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். காலையில் கடை திறந்ததும் ஒரு தே தாரிக். பத்து மணிக்குச் சரக்கு கொண்டுவந்த ஏஜெண்டுடன் ஒன்று. பகல் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. அஸர் தொழுதுவிட்டு ஒன்று. இரவில் கடை அடைக்குமுன் நண்பர்களுடன் ஒன்று. ஒவ்வொரு கோப்பையிலும் டின்பால். அந்தச் சர்க்கரைப் பாலில் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரைதான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வந்தவருக்குத் தேநீர் சொல்லாமல் அனுப்புவது நம் வழக்கமன்று. அந்த மரியாதையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு நாளில் இப்படி மரியாதைக்காகவே ஐந்து கோப்பை உள்ளே போவதை மட்டும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்கிறோம்.

"எனக்குத் தொப்பை இல்லை, நான் ஒல்லியான ஆள்" என்று சொல்கிறவர்களும் கவனிக்க வேண்டும். 2006ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் பல இனங்களைச் சேர்ந்த, பருமன் இல்லாத, ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதித்தார்கள். இந்திய வம்சாவளி ஆண்களின் ஈரலில் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு கொழுப்பு இருந்தது. இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாத குறையும் அவர்களிடமே மிகுதி. வெளியே ஒல்லியாகத் தோன்றுகிறவரின் உள்ளே, குடலைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்பு பதுங்கியிருக்கலாம் என்பதே இதன் பொருள். அதனால்தான் நம் இனத்தவருக்கு எடை அளவுகோலையும் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். கிலோ எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண் 23ஐத் தாண்டினாலே ஆசியருக்கு எச்சரிக்கை. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. தையல்காரரின் நாடா ஒன்று போதும். இதற்கு ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. ஜவுளிக்கடைக்காரர்கள் இதிலும் நமக்கு முன்னோடியாக இருக்கலாம்!

இந்தச் செய்தி நமது ஊருக்குப் புதிதும் அல்ல. சிங்கப்பூரில் 1950 முதல் 1954 வரை நடந்த பிரேத பரிசோதனைகளின் பதிவேடுகளை டாக்டர் தனராஜ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1959ல் வெளியிட்டார்கள். பின்னாளில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வைத்தியக் கல்விப் பிரிவுக்கு முதல் தலைவராக விளங்கியவர் அவர். இருதயத்தின் இரத்தக் குழாய் அடைக்கும் நோய், சீனர்களைக் காட்டிலும் இந்தியர்களிடம் பல மடங்கு அதிகம் என்று அந்த ஆராய்ச்சி காட்டியது. நம் பாட்டனார்கள் காலத்து விஷயம் அது. அவர்கள் மூட்டை தூக்கினார்கள், நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள். இன்று நாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். மலேசியாவில் 2023ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கு மேல் எடை மிகுந்தவர்கள் என்றும், ஏறத்தாழ நூற்றுக்கு 16 பேருக்கு நீரிழிவு உண்டு என்றும் கண்டார்கள்.

இனி, ஈரலிலிருந்து இருதயத்துக்குப் போகும் பாதையைப் பார்ப்போம். அந்தப் பாதையை உலகத்துக்கு மிகத் தெளிவாகக் காட்டியவள் ஒரு சிறு பெண்.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற அந்தக் குழந்தைக்கு ஆறு வயதிலேயே இருதயம் பழுதாகிவிட்டது. அவளுடைய இரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. இருநூறுக்குள் இருக்க வேண்டியது. அவள் எதைத் தின்று அப்படியானாள்? உணவினால் அன்று, பிறவிக் குறையினால். இரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள ஈரல் அணுக்களின் மேல்புறத்தில் ஒருவிதக் கொக்கிகள் உண்டு. தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்த குறையால் அவளுடைய கொக்கிகள் வேலை செய்யவில்லை. இந்தக் கொக்கிகளைக் கண்டுபிடித்து விளக்கியவர்கள் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் டாக்டர் கோல்ட்ஸ்டீன், டாக்டர் பிரவுன் இருவரும். 1985ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1984ஆம் ஆண்டு பிப்ரவரி 14ந் தேதி, பிட்ஸ்பர்க் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸலும் அவருடைய குழுவினரும் அக்குழந்தைக்குப் புதிய இருதயத்துடன் புதிய ஈரலையும் பொருத்தினார்கள். பழுதான இருதயத்தை மட்டும் மாற்றினால் போதாதா? போதாது. பழைய ஈரல் இருக்கும்வரை புதிய இருதயத்தின் குழாய்களும் அடைத்துப் போய்விடும். அவர்கள் எதிர்பார்த்தபடியே, புதிய ஈரல் வந்த சில வாரங்களில் ஆயிரத்துக்கு மேல் இருந்த கொலஸ்ட்ரால் முந்நூறை ஒட்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. அந்தக் குழந்தை 1990 வரை உயிர் வாழ்ந்தாள். இருதயத்தின் குழாய் சுத்தமாக இருப்பதும் அடைத்துக்கொள்வதும் பெரும்பாலும் ஈரலின் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

நமக்கு வருகிற கொழுப்பு ஈரல் அவ்வளவு கொடிய பிறவிக் குறை அன்று. மெதுவாக வேலை செய்வது. கொழுப்பு நிறைந்த ஈரல் இன்சுலினின் உத்தரவை மதிப்பதில்லை. சாப்பிட்ட பின்பும், இரத்தத்தில் சர்க்கரை போதுமான அளவு இருக்கும்போதும், அது பாட்டுக்குச் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். தன்னிடம் மிஞ்சிய கொழுப்பைப் பொட்டலம் கட்டி இரத்தத்தில் அனுப்பிவிடும், டிரைகிளிசரைட் ஏறும். அதன் தொடர்ச்சியாக நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும். கெட்ட கொலஸ்ட்ரால் துகள்கள் சிறுத்து, குழாயின் சுவருக்குள் நுழைவதற்கு ஏற்றவையாக மாறும். இரத்தம் உறையச் செய்யும் பொருள்களையும், அழற்சியைக் கிளப்பும் பொருள்களையும் ஈரல் வழக்கத்துக்கு மேல் உண்டாக்கும். மாரடைப்பு என்பது என்ன? இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவரில் படிந்த கொழுப்புக் கட்டி வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து வழியை மூடிவிடுவது. அந்தக் கட்டிக்கு வேண்டிய சரக்கில் ஏறத்தாழ எல்லாமே ஈரலிலிருந்து பில் போட்டு வருகிறது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஈரலில் கொழுப்பு இருந்தால் கட்டாயம் இருதய நோய் வந்தே தீரும் என்பதில்லை. பரம்பரைக் கூறு ஒன்றின் காரணமாக ஈரலில் கொழுப்பு சேருகிற சிலர் உண்டு. அவர்களுக்கு ஈரல் தழும்பு ஏறும் ஆபத்து அதிகம், ஆனால் இருதய ஆபத்து அதே அளவில் கூடுவதில்லை. ஆகவே ஈரல் கொழுப்பு இருதய நோய்க்குத் தானே எவ்வளவு காரணம், நீரிழிவு முதலிய கூட்டாளிகளின் பங்கு எவ்வளவு என்பதில் நிபுணர்களிடையே விவாதம் நடக்கிறது. நம்மைப் பொறுத்தவரை, கூட்டாளிகளில் யார் கணக்கில் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது ஆராய்ச்சியாளர் வேலை. கூட்டு வியாபாரம் நடக்கிறது என்பது தெரிந்தால் நமக்குப் போதும்.

ஆபத்து எதிர்த் திசையிலும் போகும். இருதயம் பலவீனப்பட்டு இரத்தத்தை முன்னே தள்ள முடியாமல் போனால், அது பின்வாங்கி ஈரலில் தேங்கும். அப்படித் தேங்கிய ஈரலை வெட்டிப் பார்த்தால் சிவப்பும் வெளிறிய மஞ்சளும் மாறி மாறி, வெட்டிய ஜாதிக்காயைப் போலவே இருக்கும். அதனால் வைத்திய நூல்களில் அதன் பெயரே ஜாதிக்காய் ஈரல். பினாங்கில் ஜாதிக்காயை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் பொருத்தம் தெரியும்.

சரி, காகிதத்தை வெளியே எடுத்தாயிற்று. டாக்டரிடம் என்ன கேட்பது? முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இரத்தத்தில் ஈரல் எண்கள் சரியாக இருப்பதை மட்டும் வைத்து ஈரலில் கொழுப்பில்லை என்று முடிவு கட்டக்கூடாது. கொழுப்பு ஈரல் உள்ள பலருக்கு அந்த எண்கள் ஒழுங்காகவே இருக்கும். கொழுப்பைவிட முக்கியமானது தழும்பு; கொழுப்பு நாட்பட்டு அழற்சியாகி ஈரல் இறுகத் தொடங்கியிருக்கிறதா என்பது. தழும்பு கூடக்கூட ஈரலுக்கும் ஆபத்து, இருதயத்துக்கும் ஆபத்து. இதைக் கணிக்க ஒரு மலிவான வழி இருக்கிறது. வயது, இரண்டு ஈரல் எண்கள், இரத்தத்தட்டுகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்துப் போடும் கணக்கு அது, பெயர் பிப்-4. விடை 1.3க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 2.67க்கு மேல் போனால் ஈரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் பைப்ரோஸ்கேன் என்ற கருவியால் ஈரலின் இறுக்கத்தை வெளியிலிருந்தே, ஊசியும் கத்தியும் இல்லாமல் அளந்துவிடுவார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல் எல்லையை 2 என்று வைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டுத் தரும்படி டாக்டரிடம் நாமே கேட்கலாம். அத்துடன் இரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, கொலஸ்ட்ரால் வகைகள் ஆகியவற்றையும் அதே நாளில் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, நம்மிடையே மிகவும் பரவியிருக்கிற ஒரு தப்பான எண்ணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "கொலஸ்ட்ரால் மாத்திரை ஈரலைத் தின்றுவிடும்" என்று யாரோ சொல்ல, டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு மாதத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அதிலும் ஈரலில் கொழுப்பு என்று காகிதம் வந்துவிட்டால் முதல் வேலையாக அந்த மாத்திரையைத்தான் வீசுகிறார்கள். உண்மையில் மாத்திரை மிகவும் வேண்டியவர்கள் இவர்களே.

ஸ்டேட்டின் என்ற இந்த மருந்தின் பிறப்பு வியாபாரிகளுக்குச் சுவையாக இருக்கும். ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் பூஞ்சைக் காளான்களில் எங்கேனும் இருக்குமா என்று தேடினார். ஏறத்தாழ 6,000 வகை நுண்ணுயிர்களைச் சோதித்தார். 1973ல் அவருக்கு அது கிடைத்த இடம், கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றில் எடுத்த அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சை! அந்த வழியில் வந்த முதல் மாத்திரை 1987ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அது வேலை செய்கிற இடம் ஈரலே. கொலஸ்ட்ரால் உற்பத்தியை அங்கே தடுக்கிறது. உற்பத்தி குறைந்ததும் ஈரல் முன்பு சொன்ன கொக்கிகளை அதிகமாக வெளியே நீட்டி, இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. சிலருக்கு ஆரம்பத்தில் ஈரல் எண்கள் சற்று ஏறுவதுண்டு. பெரும்பாலும் அது பெரிதாவதில்லை. கொழுப்பு ஈரல் உள்ளவர்கள் இதைச் சாப்பிடலாம், சாப்பிட வேண்டியவர்களுக்கு மறுக்கக்கூடாது என்பதே இன்று வைத்தியச் சங்கங்களின் முடிவு. ஈரல் முற்றிலும் தளர்ந்து, மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் வந்துவிட்டவர்களின் விஷயம் வேறு. மாத்திரையால் தசைவலியோ வேறு தொந்தரவோ தோன்றினால் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், அல்லது மாற்றிக் கொடுப்பார். பக்கத்துக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு நிறுத்த வேண்டாம்.

ஸ்டேட்டினுக்குப் பயந்து, லேபிள் இல்லாத லேகியத்தையும் ஜாமு உருண்டையையும் நம்பிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் நமக்கு வருத்தமாக இருக்கிறது. சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து விற்றதை மலேசிய சுகாதார அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். மலேசியாவில் விற்கும் மருந்தில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சரக்கின் முத்திரை பார்த்து வாங்குவது நமக்குச் சொல்லித் தர வேண்டிய பாடமா?

ஈரலில் சேர்ந்த கொழுப்பைக் கரைக்க முக்கியமான வழி எடையைக் குறைப்பதுதான். உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 பங்கு குறைந்தால் அழற்சியும், பலருக்குத் தழும்பும்கூட ஆறுகிறது. 80 கிலோ எடையுள்ளவர் 6 அல்லது 8 கிலோ குறைக்க வேண்டும். ஒரு மாதத்தில் அன்று. ஓராண்டில் குறைத்தால் போதும். தழும்பு ஏறியவர்களுக்கு அமெரிக்காவில் 2024லும் 2025லும் இரண்டு புதிய மருந்துகளுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அவற்றை எழுதுகிற டாக்டர்களும் உணவையும் நடையையும் விட்டுவிடச் சொல்வதில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது? தேநீரிலிருந்து என்போம். தே தாரிக் ஐந்து என்பதை ஒன்றாக்கி, மற்றவற்றைத் தே ஓ கோசோங் ஆக்கிக்கொள்ளலாம். முதல் வாரம் கசக்கும். மூன்றாம் வாரம் பழகிவிடும். காப்பி குடிப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: காப்பி குடிப்பவர்களின் ஈரலில் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன. அதுவும் கோப்பி ஓ கோசோங்காக இருக்கட்டும். டின்பால் காப்பிக்கு அந்தச் சலுகை கிடையாது. டின்னிலும் பாட்டிலிலும் வரும் பானங்களுக்குச் சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் தரமிட்டு முத்திரை போடுகிறார்கள். மலேசியாவில் சர்க்கரைப் பானத்துக்கு 2019 ஜூலை முதல் தனி வரி உண்டு. நம் கடைகளில் இவற்றை விற்கும் நாம், முத்திரையில் என்ன எழுத்து இருக்கிறது என்று வாங்குகிறவர் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சோற்றில் கால் பங்கு குறைத்துக் காய்கறியையும் மீனையும் கூட்டுவது, குழம்பை வெள்ளமாக ஊற்றாமல் இருப்பது, கடை அடைத்துவிட்டு நள்ளிரவில் பரோட்டா சாப்பிட்டு உடனே படுப்பதை நிறுத்துவது, இவையெல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்தவையே. வாரத்தில் 150 நிமிஷம் கொஞ்சம் மூச்சு வாங்கும்படி நடக்க வேண்டும். சுபுஹுத் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து தினம் அரைமணி நேரம் நடந்தால் ஐந்து நாளில் கணக்கு முடிந்துவிடும். சிகரெட்டைப் பற்றி ஒரே வார்த்தை: கொழுப்பு ஈரலுடன் சிகரெட்டும் சேர்ந்தால் இருதயம் இரண்டு பக்கமும் நெருப்பு வைத்த திரி.

ரமலான் நோன்பு ஈரலுக்கு ஓய்வு என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். பகலெல்லாம் கொடுத்த ஓய்வை, நோன்பு திறந்ததும் சிரப் பண்டோங்கும் பலகாரமும் பிரியாணியுமாகப் பறித்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? பேரீச்சம்பழம் ஒன்றிரண்டு, தண்ணீர், ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி; தொழுதுவிட்டு அளவாகச் சாப்பாடு. நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னமே டாக்டரைப் பார்த்து, மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பரிசோதனைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நாமே. ஊரிலிருந்து வந்து, கடை மாடியில் தங்கி, கடைச் சாப்பாட்டையே மூன்று வேளையும் சாப்பிட்டு, பதினைந்து வருஷம் நின்றுகொண்டே வேலை பார்க்கிற கடைப் பிள்ளைகளை யார் அழைத்துப் போகிறார்கள்? அவர்களுக்கும் வயது நாற்பதாகிறது. வருஷத்துக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்புக் கொடுத்து, இரத்தப் பரிசோதனைச் செலவையும் கடைக் கணக்கில் எழுதிவிடலாம். ஊரில் அவர்களை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், இவை வந்தால் வாயுக்கோளாறு என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்க வேண்டாம். நீரிழிவுக்காரருக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வருவதுண்டு. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்: மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. அந்த எண்ணையும், கடையின் முழு விலாசத்தையும், பின்வாசல் எந்தச் சந்தில் இருக்கிறது என்பதையும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வையுங்கள். புதிதாக வந்த பையனும் போனில் படித்துச் சொல்லும்படி பெரிய எழுத்தில் இருக்கட்டும்.